வீட்டு அறையில் பாடல் பதிவு: மட்டக்களப்பு, அம்பாறைக் கலைஞர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்புக்கு இரவு பஸ் ஏறிப் போய், மணித்தியாலக் கணக்கில் கட்டணம் செலுத்தி, ஒரு பாடலைப் பதிவுசெய்துகொண்டு திரும்பிய காலம் கிழக்கில் பெருமளவு முடிந்துவிட்டது. கோயில்களுக்கான பக்திப் பாடல்கள், பாடசாலைக் கீதங்கள், கிரிக்கெட் சுற்றுப்போட்டிப் பாடல்கள், மெல்லிசை, ராப் என்று பலவும் இன்று களுவாஞ்சிக்குடி, காரைதீவு, சம்மாந்துறை, ஏறாவூர் போன்ற ஊர்களின் வீட்டு அறைகளிலேயே உருவாகின்றன. இவற்றைக் கேட்கும்போது மெட்டிலோ பாடுபவரின் திறமையிலோ குறை தெரிவதில்லை. குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிக்கின்றது. மலிவான ஒலிவாங்கியை அதற்குக் காரணம் காட்டுவது வழக்கம். உண்மைக் காரணம் பெரும்பாலும் அறையிலும், பதிவுசெய்த நேரத்திலும், பாடியவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்பதிலும் இருக்கின்றது. ஆகவே இந்த வழிகாட்டி கருவிகளை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அறையிலிருந்து தொடங்குகின்றது.

அறை

வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பதும், உள்ளே எழும் ஒலி சுவரில் பட்டு எதிரொலிக்காமல் அடக்குவதும் இரு வேறு வேலைகள். முதலாவதற்குக் கனமும் இடைவெளியற்ற அடைப்பும் வேண்டும். இரண்டாவதற்குத் தடித்த, காற்றுப் புகக்கூடிய பஞ்சோ துணியோ வேண்டும். சுவரில் போர்வை தொங்கவிட்டால் வீதியில் போகும் ஓட்டோவின் சத்தம் குறையாது. முட்டை மட்டைகளை ஒட்டினால் இரண்டுமே நடக்காது. உச்ச ஒலிகள் சற்று மங்குவதோடு அதன் பயன் முடிந்துவிடும். அந்த மட்டைகளை ஒட்டிய அறையைப் பார்த்தவுடன் 'ஸ்டூடியோ' என்று தோன்றுவதே அவற்றின் ஒரே சிறப்பு.

எங்கள் பகுதியின் கல்வீடுகளில் அறைகள் பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடியாக, சீமெந்துத் தரையும் பூசிய சுவருமாக அமைந்திருக்கும். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர் வேகத்தில் செல்வதால், மூன்று மீற்றர் அளவுள்ள அறையில் 57 ஹேர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் தாழ்ந்த ஒலிகள் தேங்கி வீங்கும். அறை சதுரமாக இருந்தால் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் அதே அளவுகளே திரும்ப வருவதால் அந்த வீக்கம் இரட்டிப்பாகும். எனவே தெரிவுசெய்ய வாய்ப்பிருந்தால் சதுர அறையை விட்டு நீள்சதுர அறையையும், தகரக் கூரையை விட்டு ஓட்டுக் கூரையோ கொங்கிறீட் தட்டோ உள்ள அறையையும், வீதிப் பக்கத்தை விட்டு வளவின் பின்பக்கத்தையும் தெரிவுசெய்யுங்கள். அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய ஒலிக்குப் பின்னால் 'ட்ரிங்' என்று ஓர் உலோக அதிர்வு கேட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன என்பது பொருள்.

இனி ஒலியை அடக்கும் வேலை. வீட்டில் கிடக்கும் பழைய இலவம் பஞ்சு மெத்தை இதற்கு மிக நல்ல பொருள். அதைச் சுவரோடு ஒட்டிச் சாத்தாமல், ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். அந்த இடைவெளி தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். தச்சுவேலை தெரிந்தவரிடம் நான்கடிக்கு இரண்டடி மரச்சட்டம் அடிப்பித்து, நான்கு அங்குலத் தடிப்பில் ரொக்வூல் என்னும் பாறைப்பஞ்சு கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் மடித்துத் தைத்த பழைய போர்வைகளையும் நிரப்பி, பருத்தித் துணியால் மூடினால் ஆண்டுக்கணக்கில் பயன்படும். ரொக்வூலைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும்.

மெத்தையை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். பாடலுக்குப் பயன்படும் ஒலிவாங்கிகளில் பெரும்பாலானவை முன்பக்கத்து ஒலியை நன்றாகவும் பின்பக்கத்து ஒலியை மிகக் குறைவாகவும் வாங்குபவை. ஆகவே ஒலிவாங்கியின் முதுகுக்குப் பின்னால் மெத்தையை வைப்பதால் பெரிய பயன் இல்லை. ஒலிவாங்கியின் முகம் பாடுபவரையும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் பார்த்துக்கொண்டிருக்கின்றது; அந்தச் சுவரிலிருந்து திரும்பும் ஒலியே குரலோடு சேர்ந்து பதிவாகின்றது. மெத்தையைப் பாடுபவரின் முதுகுப் பக்கம் நிறுத்துங்கள். இன்னொரு மெத்தை இருந்தால் அதைப் பக்கவாட்டில் வையுங்கள். தரைக்கு ஒரு தும்புப் பாயும் மேலே ஒரு கம்பளியும் போதும். உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவுகளைத் திறந்துவிட்டு அதற்கு முதுகு காட்டி நின்று பாடுவது, செலவே இல்லாத முதல் முயற்சி.

நேரம்

வெளிச்சத்தத்தைச் சுவரால் தடுப்பதைவிட நேரத்தால் தவிர்ப்பதே எங்கள் ஊர்களில் நடைமுறைக்கு உகந்தது. ஜன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளையும் கதவின் அடியையும் அடைத்தால் சத்தம் குறையும். ஆனால் மின்விசிறியையும் நிறுத்தியாக வேண்டியிருப்பதால், ஏப்ரல், மே மாதங்களில் அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒருவர் உள்ளே நின்று பாட முடியாது. வியர்வையில் நனைந்தவரின் குரலில் அது உடனே தெரியும்.

ஆதலால் உங்கள் ஊரின் ஒலி நாட்காட்டியை ஒருவாரம் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். சுபஹ் எனப்படும் அதிகாலைத் தொழுகைக்கான பாங்கு, கோயில் மணி, பாடசாலை கூடும் நேரம், மெட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் வண்டி, மாலையில் திறந்தவெளி விளையாட்டு, இரவில் நாய்கள் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதை 2007ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று கட்டுப்படுத்தியது. விசேட சமய நிகழ்வுகளுக்கு விலக்கு உண்டு. திருவிழாக் காலம் அல்லாத நாட்களில் அந்த நேரமே வீட்டுக் கலைஞருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களிலும், ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேசுவரர் கோயிலைச் சுற்றியும் பதிவு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அந்நாட்களில் வெளியே போய்க் கேட்பதே இசைக்கலைஞருக்கு நல்லது.

ஆண்டின் ஒழுங்கும் இவ்வாறே. வடகீழ்ப் பருவமழை பலக்கும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கூரை மழையும் வயல் தவளையும் எந்தக் குரல் பதிவையும் விட்டுவைக்கா. அம்மாதங்களைப் பாடல் எழுதுவதற்கும், கீபோர்ட் ஒழுங்கமைப்புக்கும், ஏற்கெனவே பதிவான தடங்களைச் சேர்த்துச் சமப்படுத்தும் மிக்ஸ் வேலைக்கும் ஒதுக்குங்கள். மாசி முதல் சித்திரை வரையிலான காலம் குரலுக்கு உகந்தது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தென்னோலைச் சத்தம் பகல் முழுவதும் இருக்கும். காற்று அடங்கும் இரவைப் பயன்படுத்துங்கள். கல்லடி, காரைதீவு போன்ற கரையோர ஊர்களில் அலையின் இரைச்சல் நிற்பதே இல்லை. அதன் தாழ்ந்த பகுதியை மென்பொருளின் வடிகட்டியால் நீக்கலாம். மீதியை நீக்க முயன்றால் குரலும் கெடும். கடலுக்கு முதுகு காட்டும் அறையைத் தெரிவதே வழி.

கருவிகள்

8 ஜி.பி. நினைவகமுள்ள ஒரு மடிக்கணினி, ஒலிவாங்கியைக் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ், ஒரு ஒலிவாங்கி, காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்போன், கம்பி, ஸ்டாண்ட், மூச்சுத் தடுப்பு வலை. இவ்வளவே தொடக்கத்துக்கு வேண்டும். ஒரே உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸ் சற்று மலிவு. ஆனால் மத்தளத்துக்கு இரண்டு முகங்கள் இருப்பதால் நம் ஊரில் வேலை செய்பவருக்கு இரண்டு உள்ளீடு கட்டாயம் என்பது என் கருத்து. ஃபோகஸ்ரைட், பெரிங்கர் போன்ற நிறுவனங்களின் தொடக்கநிலைக் கருவிகளே போதுமானவை.

ஒலிவாங்கியில் கண்டென்சர் வகை நுணுக்கமானது. 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டுவது. அறையின் குறைகளையும் அதே நுணுக்கத்தோடு பதிவு செய்வது. மேடையில் காணும் ஷுவர் எஸ்.எம்.58 போன்ற டைனமிக் வகையை வாய்க்கு அருகில் வைத்துப் பாடலாம் என்பதால் அறையின் பங்கு குறைகின்றது. அறையைச் சரிசெய்யாதவர் டைனமிக் வகையோடு தொடங்குவதே அறிவுடைமை. அதே ஒலிவாங்கி மத்தளத்துக்கும் மேடைக்கும் உதவும்.

2022 மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், அந்த ஆண்டின் மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிக் கருவிகளின் விலை அதன் பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆகவே கைமாறிய கருவிகளை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாங்குமுன் உங்கள் ஹெட்போனையும் ஒலிவாங்கியையும் கொண்டுபோய், ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருகிக் கரகரப்பு இருக்கின்றதா என்று கேளுங்கள், யூ.எஸ்.பி. துளையில் கம்பியை ஆட்டிப் பாருங்கள். 48 வோல்ட் பொத்தானைப் போட்டுக் கண்டென்சர் ஒலிவாங்கி ஒன்று இயங்குகின்றதா என்று பாருங்கள்.

மென்பொருளுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ரீப்பர் என்னும் பதிவு மென்பொருள் 60 நாட்கள் இலவசமாகப் பரிசோதிக்கக் கிடைக்கின்றது; தனியாளுக்கான சலுகை உரிமத்தின் விலை 60 டொலர். ஆப்பிள் கணினி வைத்திருப்பவருக்கு கராஜ்பான்ட் இலவசம். களவுப் பிரதிகளோடு வைரஸும் வந்து, பாதியில் நிற்கும் பாடலையும் சேர்த்துக்கொண்டு போகும்.

மின்சாரமும் உப்புக்காற்றும் தனியே சொல்லப்பட வேண்டியவை. பதிவில் 'ம்ம்ம்' என்ற 50 ஹேர்ட்ஸ் முனகல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் கோளாறு வீட்டின் எர்த் இணைப்பிலோ சார்ஜரிலோ இருக்கின்றது. மின்வெட்டுக்கும் பட்டரியே காவல். அத்தோடு மென்பொருளின் தானியங்கிச் சேமிப்பை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று அமைத்துவிடுங்கள். கண்டென்சர் ஒலிவாங்கியை ஸ்டாண்டிலேயே விட்டுவைக்காதீர்கள். ஈரம் புகுந்தால் படபடவென்று பொரியத் தொடங்கும். இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து, அந்தப் பைகளை இடைக்கிடை உலர்த்தி எடுங்கள். கம்பி முனைகளை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

குரலைப் பதிவுசெய்தல்

மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று அமையுங்கள். பாடலின் மிகப் பலமான இடத்தைப் பாடச்சொல்லி, மென்பொருளின் ஒலியளவு காட்டி சைபருக்குக் கீழே 12 டெசிபல் அளவில் நிற்குமாறு இன்டர்ஃபேஸின் குமிழைத் திருப்புங்கள். 24 பிட் பதிவில் மெதுவாகப் பதிந்ததைப் பின்னர் உயர்த்தலாம். உச்சியில் மோதி உடைந்ததைத் திருத்த முடியாது. பஃபர் அளவு (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு) பதிவின்போது 128, மிக்ஸிங்கின்போது 512 அல்லது 1024. பாடுபவருக்குத் தன் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால், இன்டர்ஃபேஸிலுள்ள நேரடிக் கண்காணிப்புப் பொத்தானைப் பயன்படுத்துங்கள்.

வாய்க்கும் கண்டென்சர் ஒலிவாங்கிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் இருக்கட்டும். டைனமிக் வகைக்கு நான்கு விரற்கடை போதும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் மூக்கின் உயரத்தில் வைத்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் 'ப', 'ப்ப' ஒலிகளின் காற்று அடி அதன்மீது நேராகப் படாது.

சுருதியைப் பாடுபவரே தீர்மானிக்க வேண்டும். கீபோர்டில் இலகுவான கட்டையில் இசையை முடித்துவைத்துவிட்டு, அதற்குள் பாடகரை வளைப்பது வீட்டுப் பதிவுகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம். முதலில் ஒரு தம்புரா சுருதியை மட்டும் வைத்து அனுபல்லவியின் உச்சத்தைப் பாடச்சொல்லி, குரல் இறுகாத கட்டையைக் கண்டுகொண்ட பின் கீபோர்டைத் தொடுங்கள். சுருதி திருத்தும் மென்பொருளையும் அளவோடு பயன்படுத்துங்கள். அது பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு இடையே வழுக்கிச் செல்லும் எல்லாவற்றையும் பிழை என்று கருதி நேர்ப்படுத்திவிடும். கமகமும், கூத்துப் பாட்டின் இழுவையும், நாட்டார் கவியின் நெளிவும் வாழ்வது அந்த வழுக்கலில்தான். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டு, உண்மையாகவே விலகிய சொல்லை மாத்திரம் கையால் திருத்துவது நேரம் எடுக்கும். ஆனால் பாடியவர் பாடியது மிஞ்சும்.

மத்தளம், சல்லரி, உடுக்கு

தயாராகக் கிடைக்கும் மின்னணுத் தாளங்களில் தபேலா உண்டு, டோலக் உண்டு. எங்கள் மத்தளமும் சல்லரி என்னும் சிறு கைத்தாளமும் எனக்குத் தெரிந்து இல்லை. வடமோடி, தென்மோடிக் கூத்துகள் இன்றும் ஆடப்படும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களில் அவற்றை அடிப்பவர்கள் அயல்வீட்டில் இருக்கின்றார்கள். உங்கள் பாடல் வேறெவருடைய பாடல்போலும் ஒலிக்காமல் இருக்க வேண்டுமானால், விலை உயர்ந்த ஒலி நூலகத்தைவிட கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் ஒருவரின் ஒரு மாலைப்பொழுது பெறுமதியானது. ஆதலால் இதைச் சற்று விரிவாகச் சொல்கின்றேன்.

அண்ணாவியார் வந்தவுடன் பதிவுப் பொத்தானை அமுக்காதீர்கள். ஈரக்காற்றில் தோல் தளர்ந்திருக்கும். "தம்பி, கொஞ்சம் பொறுங்க, தோல் காயட்டும்" என்று அவர் மத்தளத்தை வெயிலுக்குக் கொண்டுபோவார். இரவானால் தணலில் காட்டுவார். அவர் தட்டிப் பார்த்துத் தலையசைக்கும் வரை காத்திருங்கள். மழைநாளில் இது பதிவின் நடுவிலும் திரும்ப நடக்கும் என்பதால், அடுப்புப் பக்கம் ஒருவரை வைத்திருப்பது நல்லது.

கூத்தில் அவர் மத்தளத்தை இடுப்பில் கட்டி நின்றுகொண்டே அடித்துப் பாடுபவர். வசதிக்காக அவரைக் கதிரையில் இருத்தினால் அடியின் வீச்சு மாறிவிடும். நிற்கட்டும், அவருடைய பாதங்களைச் சுற்றித் தரையில் சோக்கால் கோடு போட்டு, அதற்குள் நிற்குமாறு கேளுங்கள். மத்தளத்தின் இரு முகங்களுக்கும் ஒவ்வொரு டைனமிக் ஒலிவாங்கியை ஒரு சாண் தூரத்தில், தோலின் நடுவை நேராகப் பாராமல் விளிம்பை நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரு ஒலிவாங்கிகளும் ஒரே கருவியை எதிரெதிர்த் திசையிலிருந்து கேட்பதால், சேர்க்கும்போது தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுவதுண்டு. மென்பொருளில் ஒரு தடத்தின் துருவத்தை மாற்றும் பொத்தானை அமுக்கி, எந்த நிலையில் அடி கனமாகக் கேட்கின்றதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கனத்தில் வரும் வேறுபாட்டைக் காது உடனே அறியும்.

சல்லரி சிறியது; ஆனால் எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு போகும். அதற்கென்று ஒலிவாங்கி வைக்க வேண்டியதில்லை. அடிப்பவரை ஏழெட்டு அடி தள்ளி, ஒலிவாங்கிகளின் முதுகுப் பக்கம் நிறுத்தினாலே போதிய அளவு வந்துவிடும். உடுக்குக்கும் அவ்வாறே தூரம் வேண்டும். இரண்டு உள்ளீடு மட்டுமே இருப்பதால் பிற்பாட்டுக்காரரை இரண்டாம் முறையாக, பதிவான மத்தளத்தைக் கேட்டுப் பாடச்செய்யலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க விரும்பினால் வீட்டை விட்டுக் கூத்தாடும் களரிக்கே போய், பட்டரியில் இயங்கும் கைப்பதிவுக் கருவி ஒன்றை வட்டத்தின் ஓரத்தில் தலை உயரத்தில் வைப்பதே சிறந்தது. அறையின் எதிரொலித் தொல்லை அங்கே இல்லை.

தாளத்தை எண்ணிக்காட்டும் மெட்ரோனோம் வேண்டுமா என்ற கேள்வி இங்கே எழும். ராப்புக்கும் மெல்லிசைக்கும் வேண்டும். கூத்துத் தாளம் பாத்திரம் ஆடும் வேகத்துக்கேற்ப விரைந்து செல்வது. அதைக் காதில் 'டிக் டிக்' கட்டி ஓட்டினால் அண்ணாவியார் உங்கள் மரியாதைக்காக அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார், பாட்டு எழும்பாது. முதலில் மத்தளத்தையும் குரலையும் அவர் போக்கில் பதிந்து, பிறகு மென்பொருளின் தாளக் கோடுகளை ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் முதலடிக்கும் நகர்த்தி, கீபோர்டை அதன்மேல் வாசியுங்கள். ஒரு பாடலுக்கு ஓர் இரவு போகும் வேலை. ரப்பான் என்னும் தோற்கருவியோடு முஸ்லிம் பக்கீர்கள் பாடும் பைத்துக்கும், வயல்வெளிக் கவிக்கும் இதே முறை பொருந்தும்.

மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும்

தடங்களைச் சேர்க்கும் மிக்ஸிங்கையும் இறுதி ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங்கையும் பற்றிக் காணொளிகள் கணக்கில்லாமல் இருப்பதால் சுருக்கமாக முடிக்கின்றேன். குரலில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டுங்கள். சிறிய அறையின் பெட்டித்தன்மை 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரையில் தேங்கியிருக்கும்; அங்கே இரண்டு, மூன்று டெசிபல் குறைத்தால் பெரும்பாலும் போதும். எதிரொலியைப் போடும் ஆசையை அடக்குங்கள். இறுதி ஒலியளவை −14 எல்.யூ.எஃப்.எஸ். (பாடலின் சராசரி ஒலியளவைக் குறிக்கும் அலகு) அளவுக்கும் உச்சியை −1 டெசிபலுக்கும் வைத்தால் ஸ்பொட்டிஃபை, யூடியூப் போன்ற தளங்களுக்குப் பொருந்தும். அதைவிடப் பலமாக்கி அனுப்பினாலும் அவை குறைத்தே ஒலிக்கச் செய்யும்.

எங்கள் ஊருக்குரிய சோதனை ஒன்று உண்டு. பக்திப் பாடலைப் பெரும்பாலானோர் முதலில் கேட்பது கோயில் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில். அதில் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. இடம் வலம் என்ற பிரிவும் இல்லை. நீங்கள் பாடுபட்டு இடப்பக்கம் வைத்த புல்லாங்குழலும், தாழ்ந்த பேஸ் கிற்றாரும் அங்கே காணாமற்போகும். ஆகவே பாடலை மோனோவாக மாற்றி, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வெட்டி ஒருமுறை கேளுங்கள். சொற்கள் அந்நிலையிலும் தெளிவாக விளங்கினால் மிக்ஸ் சரி. அதன் பின் கைப்பேசியிலும், நண்பர் ஒருவரின் ஓட்டோவிலும் போட்டுக் கேளுங்கள்.

உரிமை

ஊருக்குள் எல்லாரும் உறவினர் என்பதால் எழுத்தில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. பாடல் பேர் எடுக்கும் நாளில் மனக்கசப்பு அங்கிருந்தே தொடங்குகின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை படைத்தவருக்கு உண்டாகின்றது. அதற்கென எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டியதில்லை. அது படைத்தவரின் ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். வரிகளை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், வாசித்தவர், பதிவுசெய்தவர் எனத் தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. பதிவு தொடங்குமுன் ஒரு பக்கத் தாளில் பெயர்கள், பங்கு வீதம், யாருடைய கணக்கில் பாடல் வெளியிடப்படும், பெயர் எவ்வாறு குறிப்பிடப்படும் என்பவற்றை எழுதி எல்லாரும் ஒப்பமிடுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி ஆவணமாகாது.

சினிமா மெட்டுக்குப் பக்தி வரிகளைப் போடும் வழக்கத்தை விட்டுவிடுவதே நல்லது. பதிவேற்றியவுடன் யூடியூப்பின் தானியங்கிக் கண்காணிப்பு மெட்டின் உரிமையாளரைக் கண்டுபிடிக்கக்கூடும். அதன் பின் வருமானம் அவருக்கே போகும்.

நாட்டார் பாடல்கள் யாருக்கும் சொந்தமில்லை என்று எண்ணுவது தவறு. மேற்படி சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளை, வணிக நோக்கத்துக்காகவோ அவற்றின் மரபுச் சூழலுக்கு வெளியேயோ பிரதிசெய்வதிலிருந்து பாதுகாக்கின்றது. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு மரியாதை இருக்கின்றது. கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலை எடுத்துக் கையாள விரும்பினால் அந்தக் கோயிலின் பூசகரான கப்புகனாரிடமும் ஊராரிடமும் முதலில் கேளுங்கள். சடங்குக்கு வெளியே பாடக்கூடாது என்று அவர்கள் சொன்னால் அத்துடன் விட்டுவிடுங்கள். அனுமதி கிடைத்தால் ஊரின் பெயரையும் பாடித்தந்தவரின் பெயரையும் விபரத்தில் குறிப்பிடுங்கள். யாழ் நூலைத் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில் இசையைப் பற்றிய விபரம் எழுதச் சோம்பற்படுவது அழகல்ல.

வெளியிடுதல்

ஸ்பொட்டிஃபை இலங்கையில் 2021 பெப்ரவரியில் அறிமுகமானது. அதிலும் ஆப்பிள் மியூசிக் போன்றவற்றிலும் பாடலைச் சேர்க்க டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், ரூட்நோட் போன்ற விநியோகத் தளம் ஒன்று வேண்டும். பாடலின் பதிவை அடையாளங்காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. இலக்கத்தை அவையே தரும். சுருக்கப்படாத வேவ் ஒலிக்கோப்பையும் 3000க்கு 3000 பிக்சல் அளவுள்ள முகப்புப் படத்தையும் வெளியீட்டுக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்பே ஏற்றுங்கள். ஸ்பொட்டிஃபையின் தெரிவுப் பட்டியல்களுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் பாடல் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். உங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே விதமாக எழுதுங்கள். ஓரெழுத்து மாறினாலும் இரண்டு கலைஞர்களாகப் பிரித்துவிடும்.

தளத்தைத் தெரிவுசெய்யுமுன் பணம் எவ்வழியாக வரும் என்று பாருங்கள். பேபால் வழியாக மட்டுமே தரும் தளம் இலங்கையருக்குச் சிக்கல் தரலாம்; பேயோனியர் போன்ற வழியில் உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பும் தளமே மேல். அமெரிக்காவிலிருந்து வரும் வருமானத்தில் 30 சதவீதம் வரை வரியாகப் பிடிக்கப்படும். டபிள்யூ-8பென் என்னும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பினால் இலங்கை, அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அது குறையும்.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். முந்திய 12 மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடலுக்கு ஸ்பொட்டிஃபை 2024 முதல் பதிவுரிமைப் பணம் கணக்கிடுவதில்லை. யூடியூப்பில் விளம்பர வருமானம் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணித்தியாலப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி வழியானால் 90 நாட்களில் ஒரு கோடி பார்வைகள். வெளிநாடுகளில் வாழும் ஊரவர்களின் வாட்ஸ்அப் குழுக்களே முதல் ஆயிரத்தைத் தரக்கூடியவை. அங்கே பாடலின் இணைப்பை அனுப்புங்கள். கோப்பை அனுப்ப வேண்டி வந்தால் ஆவணமாக அனுப்புங்கள். வானொலிகளுக்கு வேவ் கோப்போடு கலைஞர்கள் பெயர், ஊர், கால அளவு அடங்கிய ஒரு பக்க விபரமும் அனுப்ப வேண்டும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிறை எஃப்எம் கிழக்குக்கு அருகில் இருக்கின்ற வாசல்.

வருமானம்

இணையத்திலிருந்து வரும் பணம் கம்பி வாங்கப் போதும். குடும்பம் நடத்துவது உள்ளூர் வேலைகளாலேயே. கோயில் நிர்வாகத்தினரின் பக்திப் பாடல் தொகுப்பு, பாடசாலைக் கீதம், விளையாட்டுக் கழகப் பாடல், கடைத் திறப்பு விளம்பரம், ஓட்டோவில் போகும் அறிவித்தல், திருமண வீடியோவுக்கான பாடல் ஆகியன ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பாதிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள். இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதற்குக் கட்டணம் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நிர்வாக சபையில் பதினைந்து பேர் இருந்தால் பதினைந்து கருத்து வரும், ஆகவே கருத்துச் சொல்ல ஒருவரை நியமிக்குமாறு கேளுங்கள். மீதிப் பணம் வரும்வரை, நடுவே குரல் குறுக்கிடும் மாதிரிக் கோப்பை மட்டும் கொடுங்கள். கோயில் என்பதால் விலையைக் குறைக்க விரும்பினால் குறையுங்கள்; ஆனால் முழு விலையைப் பற்றுச்சீட்டில் எழுதி, கழிவை அதன் கீழே காட்டுங்கள். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவுசெய்தால் வங்கிக் கணக்கு திறப்பதும் பாடசாலைகளிடம் பற்றுச்சீட்டு கொடுப்பதும் இலகு. அதே செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பிரதேச விழாக்களுக்குப் பாடல் தேவைப்படும்போது அவர் உங்கள் பெயரை நினைப்பார்.

முடித்த வேலையைப் பாதுகாத்தல்

ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு கோப்புறை அமைத்து, அதற்குள் மென்பொருள் கோப்போடு, எல்லாத் தடங்களையும் முதற் செக்கனிலிருந்து தனித்தனி வேவ் கோப்புகளாக எடுத்து வையுங்கள். மென்பொருள் மாறினாலும் அவை திறக்கும். கோப்பின் பெயரில் சுருதி, வேகம், திகதி ஆகியவற்றை எழுதுங்கள். கோயில் நிர்வாகம் அடுத்த ஆண்டு ஒரு சரணத்தை மாற்றித் தரச்சொல்லி வரும்போது அந்தக் குறிப்பு கைகொடுக்கும். மட்டக்களப்பு 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் சுனாமியையும் கண்ட மாவட்டம். வெள்ளம் பல ஆண்டுகளில் திரும்ப வருவது. ஆகவே பிரதி ஒன்றை இணையச் சேமிப்பிலும், இன்னொன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். கரையோரத்தில் இருப்பவர் மேட்டுநிலத்திலுள்ள ஊரொன்றைத் தெரிவு செய்யட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கை வாங்கி, ஏதாவது ஒரு பாடலைத் திறந்து, எல்லாத் தடங்களும் ஒலிக்கின்றனவா என்று சரிபார்த்த பின் புதியவற்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.